களை சாகட்டும், கன்று சாகலாமா?

ஏற்காடு, சேர்வராயன் மலைச் சிறு காபி விவசாயிகளின் கவனத்திற்கு!

 

2024-லும் 2025-லும் காபி விலை உலகச் சந்தையில் இதுவரை பார்க்காத உயரத்துக்குப் போனது. இத்தனை காலம் விலை இல்லை என்று சும்மா விட்டிருந்த இடத்தில் எல்லாம் இப்போது குழி எடுத்து நாற்று வைக்கிறோம். வெள்ளைத் தண்டு துளைப்பான் தின்று தீர்த்த பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு புதுக்கன்று வைக்கிறோம். நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும், வெள்ளக்கடையிலும் செம்மநத்தத்திலும், மாரமங்கலத்திலும் தலைச்சோலையிலும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற குடும்பங்களின் அடுத்த இருபது வருசத்துச் சோறு அந்தக் கன்றில்தான் இருக்கிறது.

மழை பெய்தால் கன்றுக்கு முன்னால் களை வளர்கிறது. வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. கடைக்குப் போனால் 'இதை அடிங்க, பதினைந்து நாளில் எல்லாம் காய்ஞ்சிடும்' என்று ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார்கள். களை காய்கிறது. கூடவே கன்றும் சுணங்குகிறது. ஏன் சுணங்கியது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

இந்தப் பிரசுரத்தில் நாம் சொல்ல வருவது இரண்டே வார்த்தை. மூன்று வயசு முடியாத காபிக் கன்று நிற்கிற இடத்தில் களைக்கொல்லி அடிக்க வேண்டாம். அடிக்காமல் களையைச் சமாளிக்க வழி செய்து தருவது அரசாங்கத்தின் கடமை.

முதல் பாதி நம் கையில் இருக்கிறது. இரண்டாம் பாதியைப் போராடித்தான் வாங்க வேண்டும்.

கன்றுக்கு என்ன ஆகிறது?

கடையில் அதிகமாக விற்பது கிளைபோசேட். 1974-ல் மான்சாண்டோ கம்பெனி 'ரவுண்டப்' என்ற பெயரில் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். பச்சையாக இருக்கிற பாகத்தில் பட்டால் உள்ளே இறங்கும். சாறு ஓடுகிற வழியாக வேருக்கும் கொழுந்துக்கும் போய்ச் சேரும். செடி தன் வளர்ச்சிக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தயாரிக்க முடியாமல் தடுத்துவிடும். இது புல், இது காபி என்று அந்த மருந்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

வயசான காபிச் செடிக்கு அடிமரம் பழுப்பேறி, பட்டை கட்டியிருக்கும். இலை எல்லாம் மேலே இருக்கும். கீழே ஜாக்கிரதையாக அடித்தால் தப்பித்துக்கொள்ளும். கன்றுக்கு அந்தக் காப்பு கிடையாது. தண்டே பச்சை. இலை தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாணில் நிற்கிறது. மத்தியக் காபி ஆராய்ச்சி நிலையம் 2007-ல் வெளியிட்ட சந்திரகிரி மாதிரி குட்டை ரகம் என்றால் பக்கக்கிளை இன்னும் தாழ. நாசிலை எவ்வளவு பதனமாகப் பிடித்தாலும் மலைச்சரிவில் காற்று ஒரு பக்கமாக நிற்பதில்லை. சாரலாக வந்து விழுகிற துளி போதும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வளர்ந்த தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலும் காபிச் செடியின் நிழலும் விழுந்து, இலைச்செத்தையும் மூடிக்கொள்வதால் களை தானாகவே குறைந்துவிடுகிறது. புதுத்தோட்டத்தில் நிழல் இல்லை, வெயில் தரையைத் தொடுகிறது, களை கொழுக்கிறது. ஆக, களை எந்த வயசில் அதிகமோ அதே வயசில்தான் கன்றுக்குத் தாங்குகிற சக்தியும் குறைவு. மருந்து ரொம்பத் தேவை என்று நமக்குத் தோன்றுகிற காலமும், மருந்து ரொம்பக் கெடுக்கிற காலமும் ஒன்றாக இருக்கிறது. வில்லங்கம் முழுவதும் இதில்தான்.

பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இளம் அராபிகாக் கன்றுகள் மேல் கிளைபோசேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூட்டி அடித்துப் பார்த்து, முடிவை 2010-ல் வெளியிட்டார்கள். இலை மஞ்சளித்தது, குறுகிப்போனது. அளவு கூடக்கூட இலைப்பரப்பும் வளர்ச்சியும் குறைந்தது. எல்லா ரகமும் ஒரே மாதிரி பாதிக்கப்படவில்லை, சில ரகம் அதிகம் அடிவாங்கியது. நம் மலையில் நிற்கிற ரகங்களில் எது தாங்கும், எது தாங்காது என்று நமக்கும் யாராவது சோதித்துச் சொல்ல வேண்டாமா?

அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

கிளைபோசேட் பட்ட கன்று மறுநாளே காட்டிக்கொடுக்காது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் தெரியும். பழைய இலை நன்றாக இருக்கும். புதுசாக வருகிற கொழுந்து மட்டும் வெளிறி, மூங்கில் இலை மாதிரி குறுகலாக, நீட்டமாக வரும். கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, நுனியில் சின்னச் சின்ன இலை கொத்தாக நெருக்கியடித்து நிற்கும். அதிகம் பட்டிருந்தால் நுனியே கருகிப்போகும்.

பாராகுவாட் வேறு மாதிரி. அது பட்ட இடத்தை மட்டும் எரிக்கும். வெயில் ஏறினால் ஒன்றிரண்டு நாளிலேயே இலையில் தீப்புள்ளி விழுந்த மாதிரி காய்ந்த பொட்டுகள் தெரியும். அதற்கப்புறம் வருகிற கொழுந்து பெரும்பாலும் நல்ல இலையாகவே வரும். ஆனால் பச்சைத் தண்டைச் சுற்றிப் பட்டுவிட்டால் கன்று போனதுதான்.

2,4-டி என்பது அகல இலைக் களைகளைக் கொல்கிற மருந்து. காபியும் அகல இலைச் செடிதான். பட்டால் கொழுந்து முறுக்கிக்கொள்ளும், இலை சுருண்டு கிண்ணம் மாதிரி குழியும், காம்பு வளையும்.

இதிலே பெரிய ஏமாற்றம் எங்கே நடக்கிறது தெரியுமா? கிளைபோசேட் பட்டு குறுகிய இலையும், துத்தநாகச் சத்து குறைந்து குறுகிய இலையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். விவசாயி இலையைக் கொண்டுபோய்க் கடையில் காட்டினால் 'சத்துக் குறைச்சல்' என்று ஜிங்க் சல்பேட் ஒரு பாக்கெட், டானிக் ஒரு பாட்டில் எடுத்துக் கொடுப்பது சுலபம். கெடுத்ததும் கடைச்சரக்கு, வைத்தியமும் கடைச்சரக்கு! பில் இரண்டு, கன்று ஒன்று.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சத்துக் குறை என்றால் தோட்டத்தில் பரவலாக, மெல்ல மெல்ல வரும். மருந்துக்கேடு என்றால் மருந்து அடித்த வரிசையை ஒட்டி, காற்று வீசிய பக்கமாக, ஒரே சமயத்தில் தெரியும். பக்கத்தில் நிற்கிற மற்ற செடிகளின் கொழுந்தும் அதே மாதிரி கோணியிருக்கும். இதைப் பார்த்துவிட்டுப் பிறகு காசை எடுங்கள்.

கொஞ்சமாகப் பட்ட கன்று இரண்டொரு கொழுந்து தாண்டித் தேறிவிடும். மருந்து பட்டது அப்போதே தெரிந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு இலையைக் கழுவலாம். உள்ளே இறங்கிவிட்ட பிறகு மாற்று மருந்து எதுவும் கிடையாது. நுனி செத்துப்போன கன்றில் அடியிலிருந்து வருகிற நல்ல சிம்பு ஒன்றை விட்டு வளர்க்கலாம். ஆனால் அந்த வருசம் போனது போனதுதான்.

ஆறுக்கு ஆறு அடி என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 கன்று. அதில் 100 கன்று சுணங்கினால் பன்னிரண்டில் ஒரு பங்கு நிலம் தரிசு கிடக்கிற மாதிரி. அராபிகா காய்ப்புக்கு வரவே மூன்று, நான்கு வருசம் ஆகும். போக்கிடம் நடுகிற நாற்று மற்றதோடு சேர்ந்து காய்க்காது, பின்தங்கியே வரும். நாற்று விலை, குழிக்கூலி, காத்திருக்கிற வருசம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். களைவெட்டுக் கூலியை மிச்சம் பிடித்தோம் என்ற கணக்கு அங்கேயே அடிபட்டுப்போகும்.

டேங்கில் ஒளிந்திருக்கிற ஆபத்து

பல வீட்டில் ஸ்பிரேயர் ஒன்றுதான். வேலியோரம் புல்மருந்து அடித்த அதே டேங்கில் அடுத்த வாரம் போர்டோ கலவையோ இலைவழி உரமோ கலந்து காபிக்கு அடித்தால், அடியிலும் குழாயிலும் தங்கிய மிச்சம் நேராகக் கொழுந்து மேல் போகிறது. அதிலும் 2,4-டி ஒருதரம் அலசினால் போகிற சரக்கு இல்லை. களைக்கொல்லிக்கென்று தனி டேங்க் வேண்டும், அதில் வேறெதையும் கலக்கக்கூடாது. வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குகிற ஸ்பிரேயர் என்றால் அதில் கடைசியாக என்ன அடித்தார்கள் என்று கேட்காமல் தோளில் மாட்டாதீர்கள்.

அலசிய தண்ணீரை ஓடையிலும் ஊற்றுக்குழியிலும் கொட்ட வேண்டாம். மேலே நாம் கொட்டுவதைக் கீழ் ஊர்க்காரர் குடிக்கிறார்.

பாட்டிலில் எழுதியிருப்பது என்ன?

1968-ஆம் வருசத்து பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒவ்வொரு மருந்தையும் எந்தப் பயிருக்கு, எந்த அளவில் அடிக்கலாம் என்று பதிவு செய்துதான் விற்க வேண்டும். களைக்கொல்லியும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. கிளைபோசேட் 41 சதவீத மருந்துக்கு நம் நாட்டில் பதிவு கொடுத்தது தேயிலைக்கும் பயிர் இல்லாத இடங்களுக்கும். அந்தப் பட்டியலில் காபி இல்லை! ஆனால் காபி விளைகிற மலையில், காபி விவசாயிக்கு, காபித் தோட்டத்துக்கென்றே சொல்லி விற்கப்படுகிறது. பொடி எழுத்தில், மடித்து ஒட்டிய தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று யார் படித்துச் சொன்னார்கள்?

2019 பிப்ரவரியில் கேரள அரசு கிளைபோசேட் விற்பனைக்குத் தடை போட்டது. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம், மனிதருக்கும் கால்நடைக்கும் கேடு என்று சொல்லி, பூச்சிக்கட்டுப்பாட்டு ஆபரேட்டர்கள் மூலமாக அல்லாமல் வேறு யாரும் கிளைபோசேட் அடிக்கக்கூடாது என்று ஆணை பிறப்பித்தது. யார் இந்த ஆபரேட்டர்? டவுனில் வீட்டுக்குக் கரையான் மருந்து அடிக்க லைசென்ஸ் வாங்கியவர். நம்ம மலைக்கிராமத்துப் பக்கம் அவரை யாராவது பார்த்ததுண்டா? டில்லியில் ஆணை போட்டாயிற்று, இங்கே விவசாயிக்கு ஒரு துண்டு நோட்டீசுகூட வரவில்லை என்றால், அந்த ஆணையால் யாருக்கு லாபம்? நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் 'நீ ஏன் அடித்தாய்' என்று விவசாயியைத்தான் கேட்பார்கள்.

உடம்புக்கு வருகிற கேடு தனிக்கதை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் கிளைபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை அப்படி இல்லை என்கிறது. அவர்கள் வழக்கு அவர்களோடு. பாராகுவாட் விசயத்தில் அந்தச் சந்தேகம்கூட இல்லை. ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து, முறிமருந்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-லேயே அதன் அனுமதி நீதிமன்றத்தால் ரத்தானது. அதைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வீட்டு மூலையில் வைக்கிற பழக்கம் இன்றோடு ஒழிய வேண்டும்.

தப்பு யார் மேலே?

மருந்து அடிக்கிற விவசாயியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து எஸ்டேட்டுக்காரனுக்கு ஆள் இருந்தது, ரைட்டர் இருந்தார், மேஸ்திரி இருந்தார். சிறு விவசாயிக்கு இருப்பது பொண்டாட்டி, பிள்ளை, இரண்டு கை. பிள்ளைகள் படித்துவிட்டு சேலத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். போகாதே என்று சொல்ல நம்மால் முடியுமா? மிச்சம் இருக்கிற வயசானவர்கள் வருசத்துக்கு மூன்று தரம், நான்கு தரம் மலைச்சரிவில் குனிந்து களை வெட்ட வேண்டியிருக்கிறது. கடைக்காரர் கொடுக்கிற பாட்டில் அந்த முதுகுவலிக்குத்தான் விலைபோகிறது.

அதனால் 'தடை போடு' என்று மட்டும் கேட்டால் போதாது. இலங்கையைப் பாருங்கள். 2015-ல் நாடு முழுக்க கிளைபோசேட்டுக்குத் தடை போட்டார்கள். கைக்களை எடுக்க மாற்று ஏற்பாடு இல்லாமல் தேயிலைத் தோட்டங்கள் திணறின. 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தினார்கள், 2022-ல் தடையையே எடுத்துவிட்டார்கள். ஆளுக்கும் கருவிக்கும் வழி செய்யாமல் போடுகிற தடை நிற்காது. ஆகவே நாம் கேட்பது வழி.

களையை என்ன செய்வது?

கன்றைச் சுற்றி இரண்டு அடி வட்டம் மட்டும் கையால் சுத்தமாக எடுங்கள். காபியின் உணவு வேர் மேல்மண்ணில்தான் ஓடுகிறது. அதனால் கன்றின் பக்கத்தில் ஆழமாகக் கொத்த வேண்டாம். வரிசைக்கு நடுவில் இருக்கிற புல்லைத் தரையோடு வழிக்க வேண்டாம், அரிவாளாலோ புல்வெட்டும் மெசினாலோ நாலு விரல் விட்டு அறுங்கள். மொட்டையாக விட்டால் வடகிழக்குப் பருவமழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். களைக்கொல்லி அடித்துக் காயவைத்த சரிவுக்கும் இதே கதிதான்.

அறுத்த புல்லையும் சில்வர் ஓக் இலைச்செத்தையையும் கன்றைச் சுற்றி மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். வெயில் படாத இடத்தில் களை முளைப்பது குறையும், கோடையில் ஈரமும் நிற்கும். முதல் இரண்டு வருசம் நடுவில் தட்டைப்பயறு மாதிரி பயறு விதைத்தால் தரையும் மூடும், குழம்புக்கும் ஆகும். அருகும் கோரையும் ஏறிய இடத்தில் கன்று வைப்பதற்கு முன்பே கிழங்கோடு கொத்தி எடுத்துவிடுங்கள். பார்த்தீனியம், உண்ணிச்செடி இரண்டையும் பூக்கிறதுக்கு முன்னால் வேரோடு பிடுங்குங்கள்.

இதெல்லாம் நம் பெரியவர்களுக்குத் தெரியாததா? தெரியும். கையும் காசும்தான் இல்லை. அதற்குத்தான் கீழே உள்ள கோரிக்கைகள்.

நமது கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளே! காபி வாரியமே!

1. சேர்வராயன் மலையில் பயிராகிற காபி ரகங்களின் இளங்கன்றுகளைக் களைக்கொல்லி எப்படிப் பாதிக்கிறது என்று காபி வாரியமும், ஏற்காட்டில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து சோதனை நடத்து! முடிவைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு கிராமத்துக்கும் கொடு!

2. பதிவு இல்லாத பயிருக்கு மருந்து விற்பதைத் தடுத்து நிறுத்து! எந்தப் பயிருக்கு அனுமதி என்று கடை வாசலில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வை! பில் இல்லாமல் விற்கிற கடை மேல் நடவடிக்கை எடு!

3. ஊரக வேலைத் திட்டத்தில் சிறு விவசாயிகள், பழங்குடி விவசாயிகளின் புதுக்காபித் தோட்டத்துக்கு முதல் மூன்று வருசம் களைவெட்டு, மூடாக்கு, வரப்புக்கட்டு வேலையைச் சேர்த்துக் கொடு!

4. மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்களில் புல்வெட்டும் மெசின்களைக் குறைந்த வாடகைக்கு வை! ஓட்டவும் பழுதுபார்க்கவும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடு!

5. தவறான சிபாரிசால் கன்று இழந்த விவசாயிக்கு நட்ட ஈடும், போக்கிடம் நட இலவச நாற்றும் வழங்கு!

6. மருந்து அடிக்கிற கூலித் தொழிலாளிக்குக் கையுறை, முகமூடி, பூட்ஸ் கொடு! மலை மேலேயே விஷமுறிவு முதலுதவிக்கு ஏற்பாடு செய்!

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கையை நோட்டீசில் போட்டால் மட்டும் கிடைத்துவிடாது. ஒவ்வொரு ஊரிலும் களைக்கொல்லி பட்டுக் கெட்ட கன்றுகளைக் கணக்கெடுங்கள். எந்தத் தேதியில், எந்த மருந்து, எந்தக் கடை, எத்தனை கன்று என்று எழுதி வையுங்கள். காலிப் பாட்டிலையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள், அவைதான் சாட்சி. பில் தராத கடையில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்ன சொல் எந்த அதிகாரி முன்னாலும் நிற்காது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களுக்கு ஆணும் பெண்ணும் திரண்டு போய் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். மாதா மாதம் சேலம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊருக்கு இரண்டு பேராவது கெட்டுப்போன கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள். மனு பேசாததைக் கன்று பேசும்.

இந்தியாவில் காபி பயிரிடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சிறு விவசாயிகள்தான். ஆனாலும் தனித்தனியாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். 67 மலைக்கிராமமும் ஒன்றாகக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இளங்கன்றுத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்க மாட்டோம்!

அடிக்காமல் பிழைக்க வழி கேட்போம்!

கன்றைக் காப்போம்! ஒன்று திரள்வோம்! கேட்டுப் பெறுவோம்!